முகம் மட்டும் அவளுடையது

பெயிண்டர் பால்சாமிக்குப் பெண்களின் முகம் வரைய வராது. முப்பத்தைந்து வயது வரைக்கும் அதை அவர் ஒரு குறையாக நினைத்ததில்லை.

அவர் தொழில் பழகியது மதுரையில், சினிமா பேனர் எழுதுகிற ஒரு கொட்டகையில். ராசிங்காபுரத்தில் அப்பாவின் மானாவாரிக் காட்டில் இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்தபோது, எழுபதாம் வருஷம், பஸ் ஏறிப் போனவர். பேனர் கொட்டகையில் வேலை பங்கு பிரிந்திருக்கும். முகம் எழுதுவது தலைமைப் பெயிண்டர் மட்டும்தான். எழுத்துக்கு ஒருத்தர், பின்னணிக்கு ஒருத்தர். பால்சாமிக்குக் கிடைத்தது பெண்களின் கழுத்துக்குக் கீழே.

மாதிரிக்கு வருகிற போட்டோவில் நடிகையின் முகம் இருக்கும், மிஞ்சினால் தோள் தெரியும். அதற்குக் கீழே எப்படி இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். "ரோட்டுல போறவன் சைக்கிள விட்டு எறங்கணும்யா," என்று மட்டும் தியேட்டர்காரர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குத் தோதாக பால்சாமி ஒரு உடம்பைக் கைப்பழக்கமாக்கி வைத்துக்கொண்டார். ஒரு பிடிக்குள் அடங்குகிற இடுப்பு, அதற்கு மேலும் கீழும் யாரிடமும் பார்த்திராத கனம். நான்கு வருஷமும் மேலே எந்த நடிகையின் முகம் வந்து உட்கார்ந்தாலும் கீழே அந்த ஒரே உடம்புதான். கொட்டகையில் அவரை 'உடம்பு பால்சாமி' என்று கூப்பிட்டார்கள். அதை அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

எழுபத்துநான்கில் போடிக்கு வந்துவிட்டார். தேவாரத்துப் பெண் சுருளியம்மாளைக் கட்டிக்கொண்டு, ஜீப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டார். மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளுக்கு நம்பரும் சாமி பேரும் எழுதுவார். ஏலக்காய்க் கடைகளுக்குப் போர்டு, தேர்தல் வந்தால் சுவர், திருவிழா வந்தால் நாடகத்துக்குப் பின்னணிப் படுதா. மாயாஜால நாடகம் என்றால் அவருக்கு ஒரே கொண்டாட்டம். நாகலோகத்துப் பெண், குகைக்குள் கட்டிப்போட்ட இளவரசி என்று ஆளுயரத்துக்கு எழுதித் தள்ளுவார். உடம்பு மதுரையில் பழகிய அதே உடம்பு. முகத்துக்கு ஏதாவது நடிகையின் சாயலைக் கொண்டுவந்து ஒட்டிவிடுவார். பார்த்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போன பெண்களிடம் அவர் கேட்டதும் இல்லை.

இப்படியே பதின்மூன்று வருஷம் ஓடியது. எண்பத்தேழில் ஞானதுரை வீடியோ கேம் கடை திறந்தார்.

ஞானதுரையின் குடும்பம் மிளகும் கிராம்பும் வியாபாரம் செய்கிற குடும்பம். அவர் இளையவர், புதுசு புதுசாக எதையாவது செய்து பார்க்கிறவர். மெட்ராஸில் எங்கேயோ ஒரு பொருட்காட்சி முடிந்து கழித்துப்போட்ட மூன்று பெட்டிகளை லாரியில் ஏற்றிவந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இறக்கினார். ஆள் உயரத்துக்கு மரப்பெட்டி. நெஞ்சளவில் ஒரு டிவித் திரை, கீழே பிடித்து ஆட்டுவதற்கு ஒரு குச்சி, தட்டுவதற்கு இரண்டு பொத்தான். ஒன்று கார் ஓட்டுகிற விளையாட்டு, ஒன்று ஆகாயத்தில் சுடுகிற விளையாட்டு. மூன்றாவதில் ஒரு வீரன் வாளோடு குகைக்குள் இறங்குவான். பாம்பையும் பூதத்தையும் வெட்டிக்கொண்டே போனால், கடைசியில் பாறையில் சங்கிலியால் கட்டிய ஒரு பெண் இருப்பாள். அவளை விடுவித்தால் அவளும் வாளை எடுத்துக்கொண்டு கூடவே வருவாள்.

திரையில் அவள் ஏழெட்டுச் சிவப்புக் கட்டம், அவ்வளவுதான். பெண் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். பெட்டியின் பக்கப் பலகையில் அவளைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்திருக்கிறார்கள். லாரியில் வந்த வழியில் அது உரசிக் கிழிந்து, ஒரு முழங்காலும் வாளின் நுனியும்தான் மிச்சம்.

ஞானதுரை பால்சாமியைக் கூட்டிவந்து காட்டினார்.

"பெயிண்டரே, உள்ள ஒண்ணும் தெரியல. வெளிய நீங்கதான் தெரிய வைக்கணும். கையில வாள் இருக்கணும். மத்தபடி பாக்குறவன் நின்னு பாக்கணும்."

"உடுப்பு எப்படி மொதலாளி?"

"இரும்புக் கவசம் போட்டவதான். ஆனா ரொம்பப் போட்டுறாதீங்க," என்று ஞானதுரை சிரித்தார். "ஒண்ணு மட்டும். நடிகை மூஞ்சி வேண்டாம். வக்கீல் நோட்டீசு கீட்டீசு வந்துரும். புதுசா ஒரு மூஞ்சி போடுங்க."

வீரனுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் பால்சாமி இரும்பு எழுதினார். பெண்ணுக்கு மார்பில் இரண்டு பித்தளைத் தகடு, இடுப்பில் ஒரு சங்கிலி. வெயிலில் எண்ணெய் தடவியது போல உடம்பு மினுங்கியது. அதெல்லாம் ஒரு நாள் வேலை. முகத்தில் வந்து நின்றுவிட்டார். வாளைப் பிடித்துக்கொண்டு பயப்படாமல் நிற்கிற பெண்ணின் முகம் அவர் கையில் இல்லை. அவர் பழகிய நடிகைகளின் முகம் எல்லாம் கெஞ்சும், இல்லையென்றால் கூப்பிடும். இரண்டு நாள் கழுத்துக்கு மேலே வெறும் பலகையாகவே கிடந்தது.

மூன்றாம் நாள் அவருக்குச் சந்திரவல்லி ஞாபகத்துக்கு வந்தாள்.

சந்திரவல்லி சிலமலைக்காரி. அப்போது இருபத்தேழு வயது. கட்டிக்கொடுத்த புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவள் தகராறு எதுவும் பண்ணாமல் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்து, அண்ணன் வெள்ளைத்துரையின் குடும்பத்தோடு இருந்தாள். காலையில் முதல் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, மலையில் ஒரு ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, பொழுது சாய இறங்குவாள். ஆறு வருஷம் ஏலப்பழம் எடுத்தவளை அந்த வருஷம்தான் தோட்டத்து முதலாளி பதினெட்டுப் பெண்களுக்குக் கங்காணியாகப் போட்டிருந்தார். அந்தப் பக்கத்தில் ஆம்பளைகளே பார்க்கிற சோலி அது.

பெண்கள் கொண்டுபோகிற தூக்குச்சட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்து, ஜீப்பில் மாறிப்போகும். அதனால் பால்சாமியிடம் வந்து மூடியில் அடையாளம் எழுதி வாங்குவார்கள். ரோஜாப்பூ, கிளி, இலை. சந்திரவல்லி கேட்டது வேறு.

"எனக்கு ஒரு தேள் போடுங்கண்ணே. எவளும் தொடமாட்டா."

அவர் சிரித்துக்கொண்டே தேள் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை பேசுவாள். அண்ணே என்றுதான் வாய் நிறையக் கூப்பிடுவாள்.

ஒரு நாள் டிரைவர் மொக்கையன் ஜீப்பில் இருபத்திரண்டு பேரை அடைத்துவிட்டான். கொண்டை ஊசி வளைவில் வண்டி கவிழ்ந்து ஆள் செத்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. சந்திரவல்லி வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். கையில் கவாத்துக் கத்தி இருந்தது, ஆனால் அதை ஓங்கவில்லை, தொங்கவிட்டபடியே நின்றாள்.

"ஏழு பேர எறக்கு. எறக்குனாத்தான் வண்டி நகரும்."

மொக்கையன் ஹாரன் அடித்துப் பார்த்தான், வைது பார்த்தான். அவள் திரும்ப ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் ஏழு பேர் இறங்கி அடுத்த ஜீப்பில் ஏறினார்கள். பால்சாமி தன் கொட்டகையிலிருந்து அதைப் பார்த்தார். அந்த முகம் அவர் மனசில் தங்கியிருந்தது. அதை எடுத்துப் பலகையில் எழுதினார்.

"மரியாதையிலதான்யா எழுதுனேன்," என்று இரண்டு வருஷம் கழித்து என்னிடம் சொன்னார். "என் சர்வீசுல மொத மொத நல்லா வந்த பொம்பளை மூஞ்சி அது. கண்ணு அப்படியே வந்துச்சு. நான் மூஞ்சிய மட்டுந்தான் பாத்தேன். அது எதுக்கு மேல உக்காந்திருக்குன்னு எனக்கு ஒறைக்கவே இல்ல."

இங்கே என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஞானதுரை கடையில் அந்த மூன்றாவது பெட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருத்தன். முதல் வாரம் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் ஜீப்பு ஸ்டாண்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தன் படத்தைப் பார்த்துவிட்டு, "இது சிலமலைக் கங்காணி இல்ல?" என்றான். அன்று சாயங்காலத்துக்குள் பெட்டிக்குப் பெயர் வந்துவிட்டது. 'கார் ஆட்டம்', 'ராக்கெட்டு ஆட்டம்', 'சந்திரவல்லி'. "சந்திரவல்லி ஃப்ரீயா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்குள் நுழைவார்கள். "நான் ரெண்டு தடவ ஆடிட்டேன், நீ போ," என்பார்கள். எப்படிச் சொன்னாலும் அதில் இரண்டு அர்த்தம் வரும். அதற்காகவே சொன்னார்கள். வரிசையில் நிற்பவன் கை சும்மா இருக்காது, பலகையைத் தடவும். ஒரே மாதத்தில் பித்தளைத் தகடு இருந்த இடத்தில் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் நான்கைந்து பேர் சந்து முனையில் நின்றோம். மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கி, பெண்கள் பஸ்சுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். சந்திரவல்லி தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டு வந்தாள். என்னோடு நின்ற ஒருத்தன் அவள் காதில் விழும்படி, "கவசம் எங்கடா காணோம்?" என்றான். எல்லாரும் சிரித்தோம். நான் சிரித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் நின்று எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். அவளுக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. கூட வந்த ஒச்சம்மாள் என்கிற பெண்தான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போகும் வழியில் ஒச்சம்மாளே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் ஞாயிறு. சந்திரவல்லி காலையில் தனியாக வந்து ஞானதுரை கடைக்கு முன்னால் நின்றாள். உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவள் நுழைந்ததும் குச்சியை ஆட்டிக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான். மூன்றாவது பெட்டிக்குப் பக்கத்தில் போய்ப் படத்தைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். தேய்ந்திருந்த இடத்தையும் பார்த்தாள். வெளியே வந்து, நேராகப் பால்சாமியின் கொட்டகைக்குப் போனாள்.

பால்சாமி ஒரு ஜீப்பின் பின்கதவில் நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "வா தாயி," என்றார். அவருக்கு அதுவரைக்கும் கடையில் நடக்கிற பேச்சு தெரியாது என்று பின்னால் என்னிடம் சத்தியம் செய்தார். நான் நம்புகிறேன். அவருக்குச் சொல்லத் துணிந்தவர்கள் யாரும் இல்லை, நாங்கள் உட்பட.

"அண்ணே, அந்த மூஞ்சி என்னோடதா?"

அவர் தலையாட்டினார். "நீ அன்னைக்கு மொக்கையன் வண்டிய மறிச்சு நின்ன பாரு. அதான் தாயி."

"சரி. ஒடம்பு யாரோடது?"

அவர் பாதி எழுதிய நம்பரைப் பார்த்தார்.

"நீங்க என்னைய அப்படிப் பாத்தீங்களாண்ணே?"

"ஆத்தா சத்தியமா இல்ல. அது யாருதும் இல்ல. நான் மதுரையில இருந்தப்ப இருந்தே அப்படித்தான் எழுதுறது. எல்லாருக்கும் அதே ஒடம்புதான்."

"யாருதும் இல்லாததுல எதுக்கு என் தலைய வச்சீங்க?"

அவள் குரல் உயரவில்லை. பக்கத்து டீக்கடையில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னாள்.

"அட்டைக்குப் பயந்து காலுல சுருட்டுத் தூள் தேச்சு, துணியச் சுத்தி, அதுக்கு மேல ஆம்பளச் சட்டை, சாக்கு, தலைக்குத் துண்டுன்னு போட்டுக்கிட்டு ஏறுறோம். மழையில ஒரு வெரல் வெளிய தெரிஞ்சாலும் கடிச்சு உறிஞ்சிரும். காடுன்னா அப்படித்தாண்ணே போக முடியும். நீங்க குகைக்குள்ள பூதத்தோட சண்டைக்கு அனுப்புறீங்க, வயித்தத் தொறந்து போட்டு அனுப்புறீங்க. கூட வர்ற ஆம்பளைக்கு மட்டும் கால் வரைக்கும் இரும்பு."

பால்சாமி என்னிடம் இதைச் சொல்லும்போது அவள் சொன்ன மாதிரியே மெதுவாகச் சொன்னார். பதினேழு வருஷத் தொழிலில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டதும் அது எவ்வளவு சாதாரண நியாயம் என்று தெரிந்துவிட்டது. அதுதான் அவரைச் சுட்டது.

"நாளைக்கே அழிச்சிர்றேன் தாயி," என்றார்.

"அழிங்க," என்றுவிட்டுப் போனாள்.

அன்றைக்கே பால்சாமி ஞானதுரையிடம் போனார். ஞானதுரை ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பெட்டிக்குத்தான் பெயிண்டரே ஆளு வர்றான். படம்தான, ஆளா? நாலு நாளுல மறந்துருவாங்க. வேணும்னா மூக்க மட்டும் கொஞ்சம் மாத்தி விடுங்க," என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அது ஒரு பலகை.

இந்த இழுபறியில் பத்து நாள் போய்விட்டது. பால்சாமி தினமும் போய்க் கேட்டார், ஞானதுரை தினமும் நாளைக்கு என்றார். அந்தப் பத்து நாளில்தான் எல்லாம் நடந்தது. பேச்சு ஜீப்பில் ஏறி மலைக்குப் போய்விட்டது. தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆண்கள் அவள் கணக்கு எடுக்க வரும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அதட்டினால் சிரித்தார்கள். பதினெட்டுப் பெண்களில் இரண்டு பேரை அவர்கள் புருஷன்மார் வேறு கங்காணியிடம் போகச் சொன்னார்கள். தோட்டத்து முதலாளி அவளைக் கூப்பிட்டு, "நீ ஒரு தப்பும் பண்ணலன்னு எனக்குத் தெரியும். ஆனா ஆளுக ஒன் பேச்சக் கேக்க மாட்டேங்குறானுக. கொஞ்ச நாளைக்குச் சாதா வேலை பாரு," என்றார். ஆறு வருஷத்தில் ஏறியதைப் பத்து நாளில் இறங்கினாள்.

வீட்டில் வெள்ளைத்துரை அவளை அடிக்கவில்லை, வையவில்லை. "இனிமே ஜீப்பு ஏற வேண்டாம்," என்றான். "ஏதோ நீ அந்தப் பெயிண்டருக்கு முன்னால நின்னு குடுத்த மாதிரி ஊரு பேசுது. நானா போய் ஒவ்வொருத்தன்கிட்டயும் இல்லன்னு சொல்ல முடியும்?" அவன் படத்தை வந்து பார்க்கவே இல்லை. கேட்டதை வைத்தே முடிவு செய்துவிட்டான்.

பதினோராம் நாள் காலை எட்டு மணிக்குப் பால்சாமி ஞானதுரையின் வீட்டுக்குப் போனார். ஞானதுரை சரக்கு எடுக்கத் தேனி போயிருந்தார். அவர் மனைவி ரெபேக்காள்தான் வாசலுக்கு வந்தார். பால்சாமி சாவியைக் கேட்டார், எதற்கு என்பதையும் மறைக்காமல் சொன்னார். ரெபேக்காள் சாவியைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். கூடவே வந்து, அவரே கடையைத் திறந்துவிட்டார்.

பால்சாமி டப்பாவைத் திறந்து, முகத்தின் மேல் பழுப்புச் சாயம் பூச ஆரம்பித்தார்.

"மூஞ்சிய மட்டுமா அழிக்கிறீங்க?" என்று ரெபேக்காள் பின்னாலிருந்து கேட்டார்.

"ஆமாம்மா. மத்தது யாருதும் இல்ல."

"யாருதும் இல்லைன்னா நான் எதுக்கு என் வீட்டுக் கடைக்குள்ள ரெண்டு மாசமா கால் வைக்காம இருந்தேன்?"

பால்சாமி திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால்சாமி பழுப்பு டப்பாவை மூடினார். கறுப்பு டப்பாவை எடுத்து மொத்தப் பலகையையும் மேலிருந்து கீழே வரைக்கும் பூசினார். கண்ணை அடைக்கும்போது கை நின்றதாம். அது நன்றாக வந்த கண்.

சாயங்காலம் ஞானதுரை வந்து சத்தம் போட்டார். மனைவியிடமும் கோபப்பட்டார். ஒரு வாரத்தில் தேனியிலிருந்து வேறொரு பெயிண்டரைக் கொண்டுவந்து கறுப்பின் மேல் புதிதாக எழுத வைத்தார். இந்த முறை வெள்ளைக்காரி மாதிரி முகம், மஞ்சள் முடி. உடம்பு மட்டும் மாறவில்லை. தேனி பெயிண்டரும் எங்கேயோ ஒரு பேனர் கொட்டகையில் பழகியவராகத்தான் இருக்க வேண்டும்.

பெட்டியின் பெயரும் மாறவில்லை. மஞ்சள் முடிக்காரியைப் பார்த்துக்கொண்டே எல்லாரும் அதைச் சந்திரவல்லி என்றுதான் சொன்னார்கள். அடுத்த வருஷம் புதிதாக வந்த பையன்களுக்கு அது யார் பெயர் என்றே தெரியாது. விளையாட்டின் பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். பால்சாமி ஒவ்வொரு தடவையும், "அப்படிச் சொல்லாதீங்கப்பு," என்பார். சொல்லச் சொல்ல இன்னும் அழுத்திச் சொன்னார்கள். அப்புறம் அந்தச் சந்துப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

சந்திரவல்லி தை மாதம் வீட்டைவிட்டுப் போனாள். ஒச்சம்மாளிடம் மட்டும் சொல்லிவிட்டு, கேரளத்துப் பக்கம் சாந்தன்பாறையைத் தாண்டி ஒரு தோட்டத்தில் சேர்ந்து, அங்கேயே தோட்டத்து ஆட்களுக்கான லயத்தில் தங்கிவிட்டாள். தினமும் ஏறி இறங்குகிறவள் ஏறினதோடு நின்றுவிட்டாள்.

பால்சாமி பெண் படம் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். நாடகக்காரர்கள் வந்து கேட்டால், கை நடுங்குகிறது என்பார். நம்பரும் பெயரும் போர்டும் மட்டும் எழுதினார். வருமானம் குறைந்தது. சுருளியம்மாள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "அந்தப் படுதாவ எல்லாம் நீ எழுதுறப்ப நான் எத்தன தடவ சொல்ல வந்திருப்பேன் தெரியுமா," என்று மட்டும் சொன்னாள். "சொல்லியிருக்கலாமுல்ல," என்றார் இவர். "நீ சந்தோசமா எழுதிக்கிட்டு இருப்ப," என்றாள் அவள்.

எண்பத்தொன்பது ஐப்பசியில் அவர் சந்திரவல்லியைப் பார்க்கப் போனார். ஒரு தோட்டத்துக்குப் போர்டு எழுதுகிற வேலை பூப்பாறையில் வந்தது. அதை முடித்துவிட்டு, ஒச்சம்மாள் சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு விசாரித்து நடந்தார். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஏலச்செடிகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு பெண்கள் குனிந்து பழம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை, சாக்கு, தலைத்துண்டு. முகம் தெரிகிற வரைக்கும் யார் யாரென்று தெரியவில்லை. அவள்தான் இவரை முதலில் பார்த்தாள். நிமிர்ந்தவள், பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "சேச்சி, இப்ப வரேன்," என்று சொல்லிவிட்டுப் பாதைக்கு வந்தாள்.

"என்னண்ணே, இம்புட்டு தூரம்?"

"நான் பண்ணது பெரிய தப்பு தாயி. அதச் சொல்லத்தான் வந்தேன்," என்றார்.

அவள் கைவிரலில் ஒட்டியிருந்த மண்ணைச் சாக்கில் துடைத்தாள். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தார்கள்.

"யாரு வந்திருக்குறதுன்னு கேட்டா ஊர்க்காரருன்னு சொல்லிக்கிறேன். என்ன சோலியா வந்தாருன்னு கேட்டா என்ன சொல்ல?"

அவர் அந்தப் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இங்க அந்தப் பேச்சு இன்னும் வரலண்ணே. நீங்க பெயிண்டருன்னு தெரிஞ்சு, போடின்னு தெரிஞ்சு, ஒருத்தர் ரெண்டு பேரு கேட்டா அதுவும் பின்னாலயே வந்துரும். ஒங்களுக்கு மனசு கனக்குது, எறக்கி வைக்க வந்திருக்கீங்க. எறக்கி வச்சுட்டு நீங்க போயிருவீங்க. நான் இங்கதான இருக்கணும்?"

"நான் போறேன் தாயி."

"மழைக்கு முன்னாடி வெரசாப் போங்க. நாலு மணி பஸ்ச விட்டா அப்புறம் ஜீப்புதான்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்த மாதிரியும் சொல்லவில்லை. வழி தெரியாமல் வந்தவருக்குச் சொல்வது போலச் சொன்னாள். அவர் பாதை திரும்புகிற இடத்தில் ஒரு தடவை பார்த்தபோது, அவள் மறுபடி குனிந்திருந்தாள். எந்தத் துண்டு அவளுடையது என்று அடையாளம் தெரியவில்லை.

அந்த வாரம்தான் பால்சாமி என்னிடம் இதையெல்லாம் சொன்னார். என் அண்ணன் கடைக்குப் போர்டு எழுத வந்தவர், காய்கிற வரைக்கும் உட்கார்ந்து பேசினார். நானும் அந்தச் சனிக்கிழமை சந்து முனையில் நின்றதை அவரிடம் சொன்னேன். சிரித்ததையும் சொன்னேன்.

"நீ ஒரு நாள் சிரிச்ச. நான் பதினேழு வருசம் எழுதிப் பழக்கிவிட்டேன். நீ எதப் பாத்தாச் சிரிக்கணும்னு நாந்தான ஒனக்குக் காட்டுனேன்," என்றார்.

அது எனக்கு ஆறுதலாகச் சொன்னதா, இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆறுதலாக எடுத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. பால்சாமியாவது மழையில் நடந்து போய் அவள் முன்னால் நின்றார். நான் அதுவும் செய்யவில்லை.

ஞானதுரை கடை அதிக நாள் ஓடவில்லை. வீட்டுக்கு வீடு டிவி வந்ததும் பையன்கள் குறைந்தார்கள். பெட்டிகளை யாரோ வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எண்பத்தொன்பது கடைசியில் சந்திரவல்லியின் அம்மா இறந்துபோனார். சேதி சொல்லிவிட்ட அன்று, போடிமெட்டு வழியாக இறங்கினால் மூன்று மணி நேரத்தில் அவள் சிலமலைக்கு வந்திருக்கலாம். ஆனால் அந்த வழியில் வந்தால் போடி பஸ் ஸ்டாண்டில், அந்தச் சந்துக்கு எதிரே இறங்கி வேறு பஸ் ஏற வேண்டும். அவள் சுற்றிக்கொண்டு நெடுங்கண்டம் போய், கம்பம்மெட்டு வழியாகக் கம்பத்தில் இறங்கி, தேவாரத்துக்கு வந்து, அங்கிருந்து வந்தாள். வந்து சேர்ந்தபோது அம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள்.